சித்தப்பா குறைத்தது மதிப்பையா, விலையையா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தந்தையாரும் சித்தப்பாவும் சேர்ந்து 1996-இல் கடலூர் முதுநகரில், துறைமுகத்தை ஒட்டி 55 சென்ட் நிலம் வாங்கி, ஐஸ் பிளாண்ட் ஒன்றைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகத் தொடங்கினார்கள். மொத்தம் 10,000 பங்குகள். தந்தையாரிடம் இருந்த 4,000 பங்குகள் 2022-இல் அவர் காலமான பிறகு சகோதரிக்கும் அவருடைய அம்மாவுக்கும் ஆளுக்கு 2,000 என்று பிரிந்து, கம்பெனிப் பதிவேட்டிலும் பெயர் மாறிவிட்டது. மீதி 6,000 சித்தப்பாவிடமும் அவர் மகனிடமும் இருக்கிறது. நிர்வாகம் முழுவதும் சித்தப்பாதான்.

இந்த ஆண்டு வந்த பேலன்ஸ் ஷீட்டில், அதாவது 31.3.2025 கணக்கில், வழக்கமான தேய்மானம் போக, மூன்று இடங்களில் சொத்து மதிப்பைக் குறைத்திருக்கிறார்கள். கட்டடமும் இயந்திரங்களுமாக 81 லட்சம் இருந்தது, இயந்திரங்களில் 46 லட்சம் குறைந்து 35 லட்சமாகியிருக்கிறது. படகுக்காரர்களிடம் வரவேண்டிய ஐஸ் பாக்கி 38 லட்சத்தில் 12 லட்சம் வராக்கடனாகத் தள்ளுபடி. உதிரிபாக இருப்பு 9 லட்சம் இப்போது 3 லட்சம். ஆக 64 லட்சம். அறிக்கை வந்த இரண்டாவது வாரமே சித்தப்பா வீட்டுக்கு வந்து, "கம்பெனி இனி தேறாதும்மா, உங்கள் பங்கை நானே வாங்கிக்கொள்கிறேன், புத்தக மதிப்புப்படி பங்குக்கு 402 ரூபாய்" என்று சொல்லி, பங்கு மாற்றுப் படிவம் எஸ்.எச்.4-ஐயும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "குறைக்காமல் இருந்திருந்தால் பங்குக்கு 1,042 ரூபாய் வந்திருக்கும். வரி ஏய்க்கவும் எங்களை ஏமாற்றவுமே இந்தக் கணக்கு. இன்சூரன்ஸில் அதே இயந்திரங்களுக்கு 1 கோடியே 40 லட்சம் போட்டிருக்கிறார்கள். ஆடிட்டரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். நாங்கள் வழக்குப் போடலாமா?" என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. கணக்கில் மதிப்பைக் குறைத்தது சரியா என்பது ஒன்று. அப்படிக் குறைத்த கணக்கை வைத்து உங்கள் பங்குக்கு விலை பேசுவது சரியா என்பது மற்றொன்று. நீங்கள் முதலாவதில்தான் முழுக் கோபத்தையும் காட்டியிருக்கிறீர்கள். அதில் பெரும்பகுதி நியாயமாகவே இருக்க வாய்ப்புண்டு. இரண்டாவதில்தான் உங்களுக்குப் பெரிய இழப்பு காத்திருக்கிறது. 1,042 ரூபாய் கேட்டுப் போராடி வென்றாலும் நீங்கள் ஏமாந்தவராகத்தான் இருப்பீர்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கம்பெனிகள் எதற்காகக் குறைக்கின்றன

ஒரு சொத்து எவ்வளவு பணத்தைத் திரும்பக் கொண்டுவருமோ, அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட அதைப் புத்தகத்தில் காட்டக் கூடாது என்பது கணக்கியலின் பழைய கொள்கை. கம்பெனிகளுக்கான கணக்கியல் தரநிலை 28 இதை இம்பேர்மென்ட் என்று சொல்கிறது. இன்றைக்கு விற்றால் செலவு போகக் கையில் நிற்கும் தொகை எவ்வளவு, வைத்து ஓட்டினால் ஆயுள் முடியும்வரை ஈட்டித்தரும் தொகை எவ்வளவு என்று இரண்டையும் பார்த்து, எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் இருப்பது அதைவிடக் கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதலை நஷ்டமாக எழுதிக் குறைக்க வேண்டும். தேய்மானம் வேறு, அது ஆண்டுதோறும் குறித்த முறைப்படி ஓடிக்கொண்டிருக்கும். பொதுவான இயந்திரங்களுக்குக் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை 15 ஆண்டு ஆயுள் கொடுக்கிறது. உங்கள் இயந்திரங்கள் 2016-இல் மாற்றப்பட்டவை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாவது ஆண்டில் உப்புத்தண்ணீர் புகுந்து கம்ப்ரெசர் நின்றுபோனால், மீதி ஆறு ஆண்டு ஆயுள் காகிதத்தில் மட்டுமே இருக்கும். அந்த இடைவெளியைச் சரிசெய்வதுதான் இம்பேர்மென்ட்.

விற்றுமுதல் 250 கோடிக்கும் கடன் 50 கோடிக்கும் மிகாத, பங்குச்சந்தையில் இல்லாத கம்பெனிகளுக்கு 2021-ஆம் ஆண்டு விதிகள் ஒரு சலுகை கொடுத்திருக்கின்றன. ஓட்டினால் வரும் தொகையை வட்டி கழித்து நுணுக்கமாகக் கணக்கிடத் தேவையில்லை, நியாயமான மதிப்பீடு போதும். சிறிய கம்பெனிகளுக்கு இது வசதிதான். ஆனால், "நியாயமான" என்பதை முடிவுசெய்யும் பேனா நிர்வாகியின் கையில் இருக்கிறது என்பதும் உண்மை.

இத்தனை ஆண்டுத் தொழிலில் நான் அதிகம் பார்த்தது இதற்கு நேரெதிரான வழக்கம். சிறிய கம்பெனிக்காரர்கள் லேசில் மதிப்பைக் குறைக்கவே மாட்டார்கள். வங்கியில் சி.சி., அதாவது இருப்பையும் பாக்கியையும் ஈடாகக் காட்டி எடுக்கும் கடன், வாங்கியிருப்பார்கள்; இருப்பும் பாக்கியும் குறைந்தால் எடுக்கும் வரம்பு குறையும், நிகர மதிப்பு சரிந்தால் மேனேஜர் கூப்பிட்டு விசாரிப்பார். எனவே வராத பாக்கியும் ஓடாத இயந்திரமும் வருடக்கணக்கில் புத்தகத்தில் உயிரோடு இருக்கும். நான் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற ஆடிட்டர் பயிற்சியில் இருந்த நாளில் ஒரு தொழிற்கூடத்தில் இருப்பு எடுக்கப் போனேன். ஸ்டோர்கீப்பர், எண்ணெய்த்தாள் பிரிக்காத கேஸ்கட் செட் ஒன்றை எடுத்துக் காட்டி, "புதுசு சார், கைபடாதது" என்றார். அந்த கேஸ்கட் பொருந்துகிற இயந்திரத்தை விற்று ஐந்து வருடம் ஆகியிருந்தது. புத்தகத்தில் மட்டும் அது வாங்கிய விலையிலேயே இருந்தது.

இப்படி இழுத்துக்கொண்டே வருபவர்கள் திடீரென்று ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் குறைக்கிறார்கள் என்றால், ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும். புயல் வெள்ளம் வந்திருக்கலாம், ஆடிட்டர் மாறியிருக்கலாம், வங்கி நெருக்கியிருக்கலாம், அல்லது பங்காளி ஒருவரை வெளியே அனுப்பும் நேரம் வந்திருக்கலாம். உங்கள் விஷயத்தில் முதலாவதும் கடைசியும் சேர்ந்தே இருப்பதுதான் சிக்கல்.

வரிக்காகச் செய்தார் என்பது சரியா

பெரும்பாலும் இல்லை. 64 லட்சத்தில் 46 லட்சம் இயந்திரங்களின் இம்பேர்மென்ட். வருமான வரித் துறை அதைச் செலவாக ஏற்காது. வரிக்கணக்கில் இயந்திரங்கள் ஒரு தொகுதியாக நின்று, பொதுவாக 15 விழுக்காடு வீதம் தேய்ந்துகொண்டு வரும். கம்பெனி தன் புத்தகத்தில் என்ன குறைத்தாலும் அந்தத் தொகுதி அசையாது. வராக்கடன் 12 லட்சத்துக்கு மட்டும் கழிவு உண்டு. புத்தகத்தில் தள்ளுபடி செய்தாலே போதும், வசூலாகாது என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே தெளிவாக்கிவிட்டது. உதிரிபாகங்கள் உண்மையிலேயே விலைபோகாதவை என்றால் அதற்கும் ஓரளவு ஏற்பு கிடைக்கும். முழுவதுமாகத் தள்ளுபடி செய்த பொருளுக்கு, முன்பு எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வரி மிச்சம் பிடிக்க இது நல்ல வழியே இல்லை. வரி ஏய்ப்பு என்று எழுதி எங்கும் புகார் அனுப்பாதீர்கள். அது நிற்காது, உங்கள் மற்ற நியாயங்களையும் பலவீனமாக்கிவிடும்.

மூன்று குறைப்பும் ஒன்றல்ல

பாக்கியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் தந்தையாரின் பாக்கி நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். நீல மையில் தேதி, படகின் பதிவு எண், "40 பார்", "25 பார்" என்று ஐஸ் கட்டிகளின் எண்ணிக்கை, ஓரத்தில் "சீசன் முடிந்து தருவார்". அந்தப் பக்கத்தின் தேதிகள் 2017, 2018. கடைசியாகப் பணம் கொடுத்தோ எழுதிக்கொடுத்தோ மூன்று ஆண்டு கடந்த கடனை நீதிமன்றம் மூலம் வசூலிக்க முடியாது. சொல்லச் சங்கடமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: அந்தத் தொகையில் ஒரு பகுதியை உங்கள் தந்தையார் இருக்கும்போதே குறைத்திருக்க வேண்டும். முகம் பார்த்துத் தொழில் செய்தவர், படகுக்காரரின் பெயரை நோட்டிலிருந்து அடிக்க மனம் வந்திருக்காது. சித்தப்பா இப்போது அடித்திருக்கிறார். அதில் தவறு காண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால், புத்தகத்தில் தள்ளுபடி செய்தால் கடனை மன்னித்ததாக ஆகாது. நாளைக்கு அந்தப் படகுக்காரர் பணம் கொண்டுவந்து கொடுத்தால் அது கம்பெனியின் வருமானம், கம்பெனிக் கணக்கில்தான் ஏற வேண்டும். எனவே தள்ளுபடி செய்த பாக்கிகளின் பட்டியலைக் கேளுங்கள். அதில் இன்றைக்கும் நம் பிளாண்டிலேயே ஐஸ் ஏற்றும் படகுகள் எத்தனை என்று துறைமுகத்தில் விசாரியுங்கள். பாக்கி வராது என்று அடித்துவிட்ட ஆளுக்குப் பின்பும் கடனில் ஐஸ் போகிறது என்றால், அந்தத் தள்ளுபடி சந்தேகத்துக்குரியது.

உதிரிபாகத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். பழைய கம்ப்ரெசருக்கான பாகங்கள் என்றால் இரும்பு விலைதான்.

இயந்திரங்களின் 46 லட்சத்தை அறிக்கையின் குறிப்பில் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். 19 லட்சம் இரண்டாவது கம்ப்ரெசருக்கும் குளிர்அறைக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது கம்ப்ரெசர் ரூமில் இடுப்பளவு தண்ணீர் நின்றது, அதற்குப் பிறகு அவை ஓடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓடாமல் ஒதுக்கிவைத்த இயந்திரத்தைத் தனியாக மதிப்பிட்டுக் குறைப்பது முறையானது. ஒன்றை மட்டும் பாருங்கள்: வெள்ளச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கோரினார்களா, சர்வேயர் அறிக்கை என்ன சொல்கிறது, வந்த பணம் எந்தக் கணக்கில் ஏறியது.

மீதி 27 லட்சம்தான் எனக்கு உறுத்துகிறது. இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிற முதல் உற்பத்தி லைனுக்கு, "சுருக்குமடி வலைத் தடையால் ஐஸ் தேவை குறைந்ததை முன்னிட்டு" என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். மீன் கூட்டத்தை வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் இந்த வலைக்குத் தமிழக அரசு தடை போட்டது 2000-ஆம் ஆண்டில். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கரையோர எல்லையான 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி கொடுத்தது. இடையில் கெடுபிடி கூடியும் குறைந்தும் வந்தது உண்மைதான். ஆனால் 2024-25-இல் புதிதாக என்ன நடந்து தேவை விழுந்தது என்று அந்தக் குறிப்பு சொல்லவில்லை.

இதற்குச் சாட்சி உங்கள் கம்பெனியிலேயே இருக்கிறது: மின்வாரிய பில். ஐஸ் பிளாண்டில் கரண்ட்தான் மூலப்பொருள் மாதிரி. உப்புநீர்த் தொட்டியில் இறக்கிய ஒரு பார் உறைய ஆகும் யூனிட் வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறாது. மூன்று ஆண்டு பில்களை மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை அதே தடைக்காலத்தோடுதான் ஒப்பிட வேண்டும். குளிர்அறையும் இரண்டாவது கம்ப்ரெசரும் 2024 டிசம்பரில் நின்றதால் அதற்குப் பின் ஓரளவு குறைவு இருக்கும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள். அதற்கு மேல் யூனிட் விழவில்லை என்றால் ஐஸ் தேவையும் விழவில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஓடுகிற லைன் தனியாக நின்று சம்பாதிப்பதில்லை. நிலம், கட்டடம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்துதான் ஐஸாகிப் பணமாகிறது. அப்படிப்பட்ட சொத்தைத் தனியாக எடைபோடாமல், வருமானம் ஈட்டும் ஒரே அலகாக, நிலத்தோடு சேர்த்து எடைபோட வேண்டும் என்பதுதான் தரநிலை 28 சொல்லும் முறை. நிலத்தையும் சேர்த்தால் அந்த அலகை விற்றுக் கிடைக்கும் தொகை புத்தக மதிப்பைவிடப் பல மடங்கு இருக்கும்போது, 27 லட்சம் குறைக்க இடமே இருந்திருக்காது என்பது என் கருத்து. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது.

இன்சூரன்ஸில் 1 கோடியே 40 லட்சம் என்று இருப்பது மோசடிக்கு அத்தாட்சி ஆகாது. தீப்பிடித்தால் அதே இயந்திரத்தைப் புதிதாக வாங்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கில்தான் பொதுவாக இயந்திரங்களுக்குக் காப்பீடு எடுப்பார்கள். ஓடின இயந்திரத்தின் புத்தக மதிப்போடு அது பொருந்த வேண்டியதில்லை.

402 ரூபாயில் விட்டுப்போனது

பேலன்ஸ் ஷீட்டில் நிலம் என்ற வரியை இன்னொரு முறை பாருங்கள். 55 சென்ட், 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். 1996-இல் கொடுத்த விலை இன்றும் அப்படியே நிற்கிறது. அந்தப் பக்கம் சென்ட் 4 லட்சம் போவதாக நீங்கள் விசாரித்திருக்கிறீர்கள். அந்த விலையில் நிலம் மட்டும் 2 கோடியே 20 லட்சம்.

சித்தப்பா சட்டத்தை மீறி இதை மறைக்கவில்லை. விழுந்த மதிப்பைக் குறைத்தே ஆக வேண்டும். ஏறிய மதிப்பைக் கூட்டிக்காட்டுவது கம்பெனியின் விருப்பம். நிலத்தை மறுமதிப்பீடு செய்துகொள்ளத் தரநிலை 10 அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. கடன் கொடுத்தவர்களைப் பாதுகாக்கச் செய்த ஏற்பாடு இது. வங்கிக்குப் புத்தக மதிப்பு தாழ்ந்திருந்தால் பாதுகாப்பு. வெளியேறுகிற பங்காளிக்கு அதே தாழ்வு அப்படியே நஷ்டமாக வந்து விழுகிறது.

உங்கள் அறிக்கையின்படி நிலம் 3.2, கட்டடமும் இயந்திரங்களும் 35, பாக்கி 26, உதிரி 3, ரொக்கம் 5 என்று சொத்து 72.2 லட்சம். வங்கிக் கடனும் மற்றவையும் 32 லட்சம். மீதி 40.2 லட்சத்தைப் பத்தாயிரம் பங்கால் வகுத்தால் 402. நிலத்தை மட்டும் 220 லட்சமாக மாற்றிப் போட்டால் மீதி 257 லட்சம், பங்குக்கு 2,570. நீங்கள் ஆத்திரப்படும் 64 லட்சக் குறைப்பில் ஒரு ரூபாயைக்கூடத் திருப்பிச் சேர்க்காமல் வந்த தொகை இது. ஆகவேதான் 1,042-ஐக் கேட்டு நிற்காதீர்கள் என்றேன். அந்த எண்ணிலும் நிலம் 1996 விலையில்தான் இருக்கிறது.

2,570 முழுவதும் உங்களுக்குச் சேரும் என்று நான் சொல்லவில்லை. நிலத்தை விற்றால் கம்பெனி வரி கட்ட வேண்டும், சிறுபான்மைப் பங்குக்குச் சந்தையில் தள்ளுபடி கேட்பார்கள், துறைமுகத்துப் பக்கத்து நிலத்துக்கு வாங்குபவரும் உடனே கிடைக்க மாட்டார். எங்கே வந்து நிற்கும் என்பதைப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் சொல்ல வேண்டும், அவரை இரு தரப்பும் சேர்ந்து நியமிக்க வேண்டும். கம்பெனியின் ஆடிட்டர் போட்ட கையெழுத்து, கணக்கு உண்மையும் நியாயமுமாக இருக்கிறது என்பதற்கான கருத்து. பங்கின் விலைக்கு அது சான்று ஆகாது. முதலில் கம்பெனியின் சங்க நடைமுறை விதிகளை (ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் அசோசியேஷன்) எடுத்துப் படியுங்கள். பங்கை விற்பவர் மற்றப் பங்குதாரர்களுக்கே முதலில் தர வேண்டும், விலையை இன்ன முறையில் நிர்ணயிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

402-க்கு விற்றால் வரும் வரி

இதை உங்கள் சித்தப்பாவும் கவனித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். பட்டியலிடாத கம்பெனியின் பங்கைக் கைமாற்றும்போது, வருமான வரி விதிகள் நிலத்தைப் புத்தக விலையில் எடுக்காமல் பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பில் எடுத்துப் பங்கின் நியாய மதிப்பைக் கணக்கிடச் சொல்கின்றன. வழிகாட்டி மதிப்பு சென்ட்டுக்கு 1.5 லட்சம் என்று வைத்துக்கொண்டால், தோராயமாகப் பங்குக்கு 1,195 ரூபாய் வரும். நீங்கள் 402-க்கு விற்றாலும் 1,195-க்கு விற்றதாகவே சட்டம் பாவிக்கும். உங்கள் 2,000 பங்குக்குக் கையில் வருவது 8 லட்சத்துச் சொச்சம். தந்தையார் போட்ட பங்குக்கு 100 ரூபாய் போக, நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடு வீதம் வரி மட்டும் 2.7 லட்சத்துக்கு மேல், செஸ் தனி.

வாங்குகிறவருக்கும் சிக்கல் உண்டு. நியாய மதிப்புக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் 50,000 ரூபாயைத் தாண்டினால், உறவினரிடமிருந்து வாங்கியிருந்தாலொழிய, அது அவருடைய வருமானம். இந்தச் சட்டத்தின் உறவுக் கணக்கு நம் வீட்டுக் கணக்கு மாதிரி இருக்காது. அண்ணி அவருக்கு உறவினர். எனவே அம்மாவிடம் வாங்கினால் விலக்கு உண்டு. அண்ணன் மகளோ அந்தப் பட்டியலில் இல்லை. சித்தப்பா உங்களுக்குக் கொடுத்தால் உறவு, நீங்கள் சித்தப்பாவுக்குக் கொடுத்தால் உறவில்லை. உங்கள் பங்கை மட்டும் 402-க்கு வாங்கினாலே ஏறத்தாழ 15.86 லட்சம் அவர் வருமானத்தில் ஏறும். கடுமையாகப் பேசாமல், அவருடைய ஆடிட்டரிடம் இந்த ஒன்றைக் கேட்டுவரச் சொல்லுங்கள். விலைப் பேச்சின் தொனி மாறுவதற்கு இதுவே போதும்.

நீங்கள் கேட்டுப் பெறக்கூடியவை

உரிமையைப் பற்றி உங்களுக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பங்குதாரர் என்ற முறையில் கம்பெனியின் கணக்குப் புத்தகங்களைப் பிரித்துப் பார்க்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அது இயக்குநர்களுக்கு உரியது. தணிக்கை செய்த அறிக்கைகளைக் கூட்டத்துக்கு 21 நாள் முன்பே பெறுவதும், பொதுக்கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளையும் பதிவேடுகளையும் பார்ப்பதும் உங்கள் உரிமை. முந்தைய ஆண்டுகளில் தாக்கல் செய்த அறிக்கைகளைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் கட்டி எடுக்கலாம். இம்பேர்மென்ட் எந்த நிகழ்வால், எந்தச் சொத்துக்கு, எந்த அடிப்படையில் வந்தது என்று கம்பெனி குறிப்பில் எழுதியாக வேண்டும். மின்வாரிய பில், தள்ளுபடிப் பட்டியல், சர்வேயர் அறிக்கை ஆகியவற்றைச் சட்டப்படி வற்புறுத்த முடியாது, கேட்க முடியும். விலை பேச வந்தவர் அவர். காட்டாமல் விலை பேச முடியாது என்று சொல்லும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

சித்தப்பா மகன் பறங்கிப்பேட்டைப் பக்கம் சொந்தமாக ஒரு பிளாண்ட் போடுவதாகக் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது. மதிப்பைக் குறைத்த இயந்திரம் அடுத்து எங்கே போகிறது என்பதை வைத்துத்தான் குறைப்பின் நோக்கம் தெரியும். ஒதுக்கிவைத்த கம்ப்ரெசர் காயலான் கடைக்குப் போனால் பரவாயில்லை. இரும்பு விலைக்குப் பில் போட்டு, மோட்டாரை ரீவைண்டிங் செய்து, மகனுடைய பிளாண்டில் இறக்கினால் கதை வேறு. அப்படி விற்பதென்றால் இயக்குநர் தன் தொடர்பை வெளிப்படுத்த வேண்டும், உறவினரோடான பரிவர்த்தனை என்று அறிக்கையிலும் வர வேண்டும். அந்த இயந்திரங்களை இப்போதே படமெடுத்து, பெயர்ப்பலகையில் உள்ள சீரியல் எண்ணைக் குறித்துவையுங்கள்.

விற்க மறுத்தால்

பங்கை விற்கும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கணக்கை ஏற்கும் தீர்மானத்தை 60 விழுக்காடு வைத்திருக்கும் அவர்கள் நிறைவேற்றிவிடுவார்கள். அதை உங்களால் தடுக்க முடியாது, எதிர்த்து வாக்களித்துக் குறிப்பில் பதியச் செய்யலாம். கம்பெனியின் சங்க நடைமுறை விதிகளைத் திருத்துவதற்கும் வெளியாருக்குப் புதுப் பங்கு கொடுப்பதற்கும் முக்கால் பங்கு வாக்கு வேண்டும். அம்மாவும் நீங்களும் சேர்ந்து 40 விழுக்காடு, அதைத் தடுக்க அதுவே போதும். ஆனால் இருக்கும் பங்குதாரர்களுக்கே விகிதப்படி புதுப் பங்கு கொடுக்கும் உரிமை வெளியீட்டுக்கு அந்தத் தடை இல்லை. அப்படி ஒரு கடிதம் வந்தால், குறித்த நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் உங்கள் 40 விழுக்காடு சுருங்கிவிடும். கம்பெனியிலிருந்து வரும் தபாலைப் பிரிக்காமல் வைக்காதீர்கள். இந்த ஆண்டு நஷ்டக் கணக்கு என்பதால் டிவிடெண்டையும் எதிர்பார்க்க வேண்டாம்.

வழக்கைப் பொறுத்தவரை, பத்தில் ஒரு பங்கு மூலதனம் வைத்திருப்பவர்கள், சிறுபான்மையினரை ஒடுக்கும் நிர்வாகம் என்று சென்னையிலுள்ள தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகலாம். நியாயமான விலைக்குப் பங்கை வாங்கிக்கொள்ளும்படி உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. இம்பேர்மென்ட் அதிகம் என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு போனால் அது கணக்குக் கருத்துவேறுபாடு என்று முடிந்துவிடக்கூடும். கம்ப்ரெசர் பறங்கிப்பேட்டைக்குப் போனது, தள்ளுபடி செய்த பாக்கி கைக்கு வந்தது, உரிமை வெளியீட்டில் ஓரங்கட்டினார்கள் என்று நடத்தை சேரும்போதுதான் வழக்குக்கு எலும்பு வரும். ஆண்டுகள் ஆகும், செலவும் ஆகும், அதற்குள் அம்மாவுக்கும் வயது ஏறும். எனவே என் யோசனை, இந்தக் கூட்டத்தில் எழுத்துமூலம் கேள்விகளைப் பதிந்துவிட்டு, பொது மதிப்பீட்டாளர் என்ற கோரிக்கையோடு பேசத் தொடங்குவது.

பேச்சு முடிந்து விற்பதென்று தீர்மானித்தால், ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேருங்கள். இம்பேர்மென்ட் ஒருவழிப் பாதை இல்லை. நிலைமை மாறியதென்று காட்டிக் குறைத்ததைத் திரும்பக் கூட்டவும் தரநிலை இடம் கொடுக்கிறது. நீங்கள் வெளியேறிய மறு ஆண்டே 27 லட்சம் திரும்ப ஏறலாம், நிலமும் கைமாறலாம். ஐந்து ஆண்டுக்குள் இவற்றில் எது நடந்தாலும் உங்கள் விகிதத்துக்கு மேல்தொகை தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

சித்தப்பா வைத்துவிட்டுப் போன எஸ்.எச்.4 படிவத்தில், தொகை எழுதுமிடமும் தேதியும் காலியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். அம்மாவிடம் தனியாகக் கேட்டாலும் அதில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவையுங்கள்.